2004 டிசம்பர் 26: காலை ஆறரைக்கும் ஒன்பதுக்கும் நடுவில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?

மந்தைவெளி ரகு:

பரணை ஒழிக்கும்போது அப்பாவின் 2004 டைரி கிடைத்தது. பால் கணக்கு, கேஸ் பதிவு செய்த தேதி, இஸ்திரிக்காரருக்குக் கொடுத்த பணம், இவ்வளவுதான் எழுதுவார். டிசம்பர் 26 பக்கத்தில் "பால் 1 லி. காலை 6.35 பூமி ஆட்டம்" என்று இருக்கிறது. மறுநாள் பக்கத்தில் "ஜூ. 5 பாக்கி" என்று ஒரு வரி. அலையைப் பற்றி ஒரு சொல் கிடையாது.

சுனாமி என்றால் அலை வந்தபோது எங்கே இருந்தோம் என்றுதான் எல்லோரும் சொல்வோம். நான் கேட்க நினைப்பது வேறு. சுமத்ரா பக்கம் கடலுக்கு அடியில் பூமி பிளந்தது நம் நேரப்படி காலை 6.29க்கு. சென்னையில் தண்ணீர் ஏறியது ஒன்பது மணியை ஒட்டி. நடுவில் இரண்டரை மணி நேரம் நம் கையில் இருந்தது. அதை என்ன செய்தோம்?

என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். மூன்றாவது மாடி. சமையல் மேடையில் கவிழ்த்து வைத்திருந்த எவர்சில்வர் டம்ளர்கள் கிலுகிலுவென்று சத்தம் போட்டன. பூனை என்று நினைத்து அம்மா "சூ" என்றாள். அப்புறம்தான் கூடத்து விளக்கு ஆடுவதைப் பார்த்தோம். எல்லா வீட்டுக்காரர்களும் கீழே இறங்கி நின்றோம். கீழ்வீட்டு மாமா 2001 செப்டம்பரில் வந்த ஆட்டத்தை எடுத்துக்கொண்டார். அது ராத்திரி எட்டரை மணிக்கு வந்தது, எங்கள் தெருவில் பலர் விடியும்வரை வாசலில்தான் கிடந்தார்கள். இது அந்த அளவுக்கு இல்லை என்று தீர்ப்பு சொல்லிவிட்டார். மேலே போய்க் காபி குடித்தோம்.

அப்பா தினமும் ஆறு மணிக்கே மெரினாவுக்கு நடக்கக் கிளம்பிவிடுவார். அன்று ஏழைத் தாண்டிவிட்டது. "போகவா, வேண்டாமா?" என்று கேட்டார். "அதான் நின்னுடுச்சே, போய்ட்டு வாங்க" என்று சொன்னது நான்தான்.

பத்தரைக்கு யாரோ ஒருவர் ஸ்கூட்டரில் கொண்டுவந்து இறக்கிவிட்டார். வேட்டி முழங்கால்வரை ஈரம். ஒரு காலில் செருப்பு இல்லை. "கடல் ரோட்டுக்கு வந்துடுச்சு" என்றார், குளிக்கப் போய்விட்டார். அதற்கு மேல் அவர் சொன்னதும் இல்லை, நான் கேட்டதும் இல்லை.

பெசன்ட் நகர் வித்யா:

நாங்கள் பூரி சுட்டுக்கொண்டிருந்தோம். கோயம்புத்தூரிலிருந்து அத்தை குடும்பம் விடுமுறைக்கு வந்திருந்தது. பிள்ளைகள் எட்டு மணிக்கே பிளாஸ்டிக் வாளியும் கையுமாக வாசலில் நின்றார்கள். வெறும் வயிற்றோடு யாரும் கிளம்பக் கூடாது என்று அத்தை ஒரே பிடிவாதம். ஒன்பதே காலுக்குத்தான் கிளம்பினோம். பூரிதான் நம்மைக் காப்பாற்றியது என்று அத்தை இன்றுவரை சொல்கிறாள். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்காது. ஓடைக்குப்பத்தில் அன்று காலை யாரும் பூரி சுடவில்லை என்பதாலா போனார்கள்?

சொல்ல வந்தது வேறு. கடற்கரைக்குத் திரும்பும் தெருவில் குப்பத்து ஜனங்கள் எதிரே ஓடி வந்தார்கள். ஒரு பெண் தலைமுடி அவிழ்ந்து, சோற்றுப் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினாள். "குப்பத்துல ஏதோ வெட்டுக்குத்து, வண்டியைத் திருப்புங்க" என்று காரில் இருந்து கத்தியது நான். கடல் துரத்துகிறது என்று தோன்றவே இல்லை. கூட்டமாக ஏழைகள் ஓடினால் சண்டை என்றுதான் என் மூளை எடுத்துக்கொண்டது. இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

குரோம்பேட்டை குமார்:

நான் தூங்கினேன். ஆட்டமும் தெரியாது, அலையும் தெரியாது. பதினொன்றுக்கு எழுந்து டிவி போட்டால் கடல். சேனல் மாற்றினால் அங்கேயும் கடல். அன்றைக்குத்தான் டாக்காவில் வங்கதேசத்திடம் இந்தியா 15 ரன்னில் தோற்றது. வேறு நாளாக இருந்தால் ஒரு வாரம் அதைப் பற்றியே புலம்பியிருப்போம். அப்படி ஒரு ஆட்டம் நடந்ததே பலருக்கு நினைவில்லை.

காசிமேடு கணக்குப்பிள்ளை:

சென்னைக் கடற்கரை என்றால் மெரினா, பெசன்ட் நகர் இரண்டோடு முடிந்துவிடும்போல. வடக்கேயும் கொஞ்சம் வாருங்கள் சார்.

ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டில் கால் வைக்க இடம் இருக்காது. அன்று கிறிஸ்துமஸுக்கு மறுநாள் வேறு. நான் ஒரு ஐஸ் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். ஐஸ் அரைக்கும் இயந்திரம் போடும் சத்தத்தில் பூமி ஆடினால் என்ன, வானம் ஆடினால் என்ன, ஒன்றும் தெரியாது. ஒன்பதுக்கு முன்னால் துறைமுகத் தண்ணீர் திடுதிப்பென்று ஏறியது. கட்டியிருந்த விசைப்படகுகள் மேலே தூக்கிக்கொண்டு வந்தன. உள்ளே ஏதோ பெரிய கப்பல் திரும்புகிறது, அதன் அலை என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஒரு டிரைவர் கப்பல்காரனைத் திட்டிக்கொண்டே கயிற்றை இறுக்கினார். அப்புறம் தண்ணீர் சர்ரென்று இறங்கியது. சேறு தெரிந்தது. சேற்றில் கிடந்த ஒரு நங்கூரத்தை எடுக்க இரண்டு பையன்கள் இறங்கப் பார்த்தார்கள், பெரியவர் ஒருவர் கையில் இருந்த கூடையாலேயே அவர்களை அடித்து ஏற்றினார். அவருக்கும் என்ன வரப்போகிறது என்று தெரியாது. "கடல் இப்படிப் பண்ணாது" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்து வந்தது படகுகளை ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்றிவிட்டுப் போனது.

சோழிங்கநல்லூர் பாலா:

முதலில் கடல் உள்வாங்கியது, பிறகுதான் அலை வந்தது என்று டிவியில் பார்த்த நினைவு. கணக்குப்பிள்ளை ஐயா முதலில் ஏறியது என்கிறாரே? இத்தனை வருடம் கழித்து நினைவு மாறியிருக்கலாம், தவறாக நினைக்க வேண்டாம்.

காசிமேடு கணக்குப்பிள்ளை:

தம்பி, நான் நின்ற இடத்தில் முதலில் ஏறியதுதான். டிவி நின்ற இடம் எனக்குத் தெரியாது.

திருவான்மியூர் நிலவியல்:

இரண்டு பேர் சொல்வதும் சரி. கடலடித் தட்டு முறிந்தபோது ஒரு பக்கம் தரை எழும்பியது, மறுபக்கம் அமிழ்ந்தது. கிழக்கே தாய்லாந்துப் பக்கம் பள்ளம் முதலில் போய்ச் சேர்ந்தது. அதனால் அங்கே கடல் முதலில் உள்வாங்கியது. மேற்கே நம் பக்கம் மேடு முதலில் வந்தது. நம் ஊரில் பலர் பார்த்த உள்வாங்கல், அலைகளுக்கு இடையில் தண்ணீர் திரும்பிப் போனது. மாமல்லபுரத்தில் அப்படித் திரும்பியபோதுதான் வெகுதூரம் தரை தெரிந்து, பாறைகளைப் பார்த்தோம் என்று ஜனங்கள் சொன்னார்கள்.

ஆழ்கடலில் அந்த அலைக்கு உயரமே கிடையாது, ஒரு மீட்டருக்குள்தான். வேகம் மட்டும் மணிக்கு 700, 800 கிலோமீட்டர். கரையை நெருங்கி ஆழம் குறையக் குறைய வேகம் குறைந்து தண்ணீர் எழும்பும். அதுதான் அந்த இரண்டரை மணி நேரக் கணக்கு.

திருவல்லிக்கேணி கோமதி டீச்சர்:

நான் அரையாண்டுத் தேர்வுத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். ஒன்பதாம் வகுப்புத் தமிழ். கட்டில் ஒட்டிய சுவர் அதிர்ந்தது, சிவப்பு மை ஒரு பையன் தாளில் கோடாக இழுத்துவிட்டது. அவனுக்கு ஒரு மதிப்பெண் சேர்த்துப் போட்டுவிட்டு அடுத்த தாளை எடுத்தேன்.

எனக்கு உறுத்துவது இது. தென்மதுரையைக் கடல் கொண்டது, கபாடபுரத்தைக் கடல் கொண்டது என்று வருடா வருடம் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். கடல்கோள் என்று கரும்பலகையில் எழுதி, பொருள் சொல்லி, ஐந்து முறை எழுதி வரச் சொல்லியிருக்கிறேன். அந்தக் காலையில் ஜனங்கள் தெருவில் ஓடி வந்தபோது ஒருவர் "கடல் பொங்குது" என்றார், ஒருவர் "புயலாம்" என்றார், 1964 தனுஷ்கோடி மாதிரியா என்று எதிர்வீட்டுப் பாட்டி கேட்டார். என் வாயில் கடல்கோள் வரவில்லை. சாயங்காலம் செய்தியில் சுனாமி என்றார்கள். புதுச் சொல் ஒன்று கற்றுக்கொண்டேன் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னேன் பாருங்கள், அதுதான் வேடிக்கை. ஆழிப்பேரலை எல்லாம் அப்புறம் வந்தது.

(அந்தத் தேர்வில் கடல்கோள் பற்றிக் கேள்வி இருந்ததா என்று கேட்காதீர்கள். இல்லை. இருந்திருந்தால் கதை இன்னும் நன்றாக இருந்திருக்கும்.)

சீனிவாசபுரம் செல்வி:

எல்லோரும் டம்ளர் ஆடியது, விளக்கு ஆடியது என்கிறீர்கள். எங்களுக்கு ஆட்டமே தெரியாது. ஓலையும் தார்ப்பாயும் போட்ட வீட்டில் எது ஆடும்? காற்றடித்தால் தினமும்தான் ஆடும். ஆட்டம் தெரிந்தது மாடி வீட்டுக்காரர்களுக்கு, தண்ணீர் வந்தது எங்களுக்கு. ரகு சார் கேட்ட இரண்டரை மணி நேரம் எங்களுக்குக் கிடையவே கிடையாது.

எனக்கு அப்போது பதினேழு வயது. அடையாறு முகத்துவாரத்துக்குப் பக்கம் எங்கள் வரிசை. அப்பா விடியலுக்கு முன்னாலேயே பைபர் போட்டில் போய்விட்டார். அம்மா தம்பியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். ஆயா வாசலில் உட்கார்ந்து வலையில் சிக்கு எடுத்துக்கொண்டிருந்தாள். நான் அடிபம்புக்கு முன்னால் குடத்தோடு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒன்பது குடம். எண்ணி வைத்திருந்தேன், ஏனென்றால் ஒரு அக்கா நடுவில் நுழைந்துவிட்டாள் என்று சண்டை நடந்துகொண்டிருந்தது.

தண்ணீர் கறுப்பாக வந்தது. சத்தம் அலைச் சத்தம் இல்லை, லாரி பின்னால் வருவது மாதிரி ஒரு உறுமல். திரும்பினேன், அவ்வளவுதான் நினைவு. அப்புறம் நினைவிருப்பது குடங்கள். பச்சை, ஆரஞ்சு, நீலம், எல்லாக் குடமும் மிதந்து என்னோடு கூடவே வந்தன. நான் யாருடையதோ ஒன்றைக் கட்டிக்கொண்டேன். அது காலிக் குடம் என்பதால்தான் இதை எழுதுகிறேன். சண்டை போட்ட அக்கா ஏற்கெனவே குடத்தை நிரப்பிவிட்டிருந்தாள்.

அம்மாவும் தம்பியும் பட்டினப்பாக்கம் ஹவுசிங் போர்டு மாடிப்படியில் இருந்தார்கள். ஆயா இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடைத்தாள். முகத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. முன்கையில் தாத்தா பேரைப் பச்சை குத்தியிருந்தாள், அதை வைத்துத்தான்.

அப்பாவுக்குக் கடலில் ஒன்றுமே தெரியவில்லை. போட்டை ஒரு தடவை தூக்கி இறக்கியதுபோல இருந்தது என்றார். மதியம் கரைக்குத் திரும்பும்போது எதிரே கதவு மிதந்து வந்ததாம், குடம் மிதந்து வந்ததாம். யாரோ லோடு கவிழ்த்துவிட்டார்கள் என்று நினைத்தாராம். கொஞ்ச தூரம் வந்த பிறகு ஒரு குடத்தின் கழுத்தில் கட்டியிருந்த சிவப்பு ரிப்பனைப் பார்த்தார். எங்கள் வரிசையில் அப்படித்தான் அடையாளம் கட்டுவோம்.

இன்னொன்று. நிவாரணம் என்று லாரி லாரியாகப் பழைய துணி வந்தது. ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போனார்கள். கிழிந்த சுடிதார், பட்டன் இல்லாத சட்டை, ஒரு கை நைந்த ஸ்வெட்டர். சென்னையில் ஸ்வெட்டர்! யாரும் தொடவில்லை. "இவங்களுக்குத் திமிரைப் பாரு" என்று காது கேட்கச் சொன்னவர்களும் உண்டு. சோறு போட்டவர்களை மறக்க மாட்டேன், தெரியாத வீட்டுப் பெண்கள் புளிச்சோறும் மாதவிடாய்த் துணியும் சேர்த்துக் கட்டிக் கொண்டுவந்தார்கள். அவர்களுக்குப் புரிந்திருந்தது. துணி மூட்டை அனுப்பியவர்கள் அலமாரியைத்தான் ஒழித்தார்கள்.

அப்புறம் எங்களில் பலரைச் செம்மஞ்சேரிக்கும் கண்ணகி நகருக்கும் அனுப்பினார்கள். எங்களுக்குச் செம்மஞ்சேரி. சுவர், கதவு எல்லாம் இருந்தது. கடல் இல்லை. பின்னிரவு மூன்று மணிக்குக் கடலில் இருக்க வேண்டிய ஆளுக்கு இருபது கிலோமீட்டருக்கு மேல் பயணம், அந்நேரத்தில் எந்த பஸ் ஓடுகிறது? அப்பா இரண்டு வருடம் முயன்றார். பிறகு போட்டில் இருந்த பங்கை விற்றுவிட்டு ராஜீவ் காந்தி சாலையில் ஒரு கம்பெனிக்கு வாட்ச்மேன் ஆனார். ஒன்பதாவது மாடியில் டியூட்டி போட்டால் தூரத்தில் கடல் தெரியும் என்பார்.

சோழிங்கநல்லூர் பாலா:

செல்வி அக்கா, படித்துவிட்டு வெகுநேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை.

அன்று காலை கார் நிக்கோபார் தீவில் இருந்த விமானப்படைத் தளத்தைத் தண்ணீர் சூழ்ந்த செய்தி இங்கே தாம்பரத்துக்கு வந்ததாகவும், டெல்லியிலிருந்து போன ஒரு ஃபேக்ஸ் பதவியில் இல்லாத முன்னாள் அமைச்சரின் வீட்டுக்குப் போய்விட்டதாகவும் பின்னால் பத்திரிகைகளில் வந்தது. அந்தத் தகவல் சரியான கைக்குப் போயிருந்தால்?

சீனிவாசபுரம் செல்வி:

தம்பி, ஃபேக்ஸ் சரியான வீட்டுக்கே போயிருந்தாலும் அடிபம்பு வரைக்கும் யார் வந்து சொல்லியிருப்பார்கள்?

தி.நகர் சங்கர்:

அலை வந்த நாளைவிட எனக்கு 30-ஆம் தேதிதான் கண்ணில் நிற்கிறது. வியாழக்கிழமை. மறுபடியும் சுனாமி வரலாம் என்று உள்துறை அமைச்சகத்தின் எச்சரிக்கை டிவியில் ஓடியது. ஒரு மணி நேரத்தில் ஊரே மேற்கே பார்த்து ஓடியது. நான் மயிலாப்பூரில் ஒரு கடையில் வேலை. முதலாளி ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டு, பூட்டு சரியாக விழுந்ததா என்று மூன்று தடவை ஆட்டிப் பார்த்தார். கடல் வந்தால் பூட்டு என்ன செய்யும் என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. சம்பளம் பாக்கி இருந்தது.

ராதாகிருஷ்ணன் சாலை முழுக்கச் செருப்பு. ஒரு ஷேர் ஆட்டோவில் பதினான்கு பேர் தொங்கினோம். "கோடம்பாக்கம் வரைக்கும் வருமா?" என்று ஒரு அம்மா அழுதுகொண்டே கேட்டார். டிரைவர் ஆட்டோவைப் பற்றித்தான் கேட்கிறார் என்று நினைத்து "பத்து ரூபா ஆகும்மா" என்றார். அந்த அம்மா அலையைக் கேட்டார். அன்று எதுவும் வரவில்லை. அந்தக் கணிப்பில் அறிவியலே இல்லை என்று சாயங்காலம் மத்திய அமைச்சரே சொன்னார்.

அப்புறம் மீன். ஒரு மாதத்துக்கு மேல் எங்கள் வீட்டில் மீன் வாங்கவில்லை. ஏன் என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டோம், எல்லோருக்கும் தெரியும். கோழி விலை ஏறியது. கூடைக்கார அம்மா தெருமுனைவரை வந்து, கூவாமலே திரும்பிப் போவார்.

காசிமேடு கணக்குப்பிள்ளை:

ஐஸ் கடையும் அந்த மாதம் மூடித்தான் கிடந்தது. மீன் வாங்க ஆளில்லாதபோது ஐஸ் யாருக்கு?

பெசன்ட் நகர் வித்யா:

2012 ஏப்ரல் 11 யாருக்காவது நினைவிருக்கிறதா? மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் அலுவலக நாற்காலி தானாக உருண்டது. எல்லோரும் கீழே வந்து நின்றோம். அதே சுமத்ரா பக்கம், 8.6. இந்த முறை ஹைதராபாத் சுனாமி எச்சரிக்கை மையத்திலிருந்து தகவல் வந்தது, 2007-இல் தொடங்கியது அது. கடற்கரையில் போலீஸ் ஆட்களை வெளியேற்றினார்கள். தட்டுகள் பக்கவாட்டில் நகர்ந்ததால் பெரிய அலை எழவில்லை என்று பிறகு சொன்னார்கள்.

எங்கள் வீட்டில் வேலை செய்த அக்கா ஓடைக்குப்பத்துக்காரர். கீழே இறங்கியதும் முதல் போன் அவருக்குத்தான் போட்டேன். அவர் எடுத்து, "தெரியும்மா, நாங்க எல்லாரும் மேல வந்துட்டோம், நீங்க எங்க இருக்கீங்க?" என்று என்னைக் கேட்டார்.

மந்தைவெளி ரகு:

எல்லோர் எழுத்தையும் நேற்று ராத்திரி அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். வயது எண்பத்து நான்கு. காது மந்தம், செல்வி எழுதியதை இரண்டு தடவை படிக்கச் சொன்னார். அப்புறம் டைரியைக் கொடுத்து "ஜூ. 5 பாக்கி" என்றால் என்ன என்று கேட்டேன்.

அருகம்புல் ஜூஸாம். காந்தி சிலைக்குப் பக்கத்தில் ஒருவர் அலுமினியப் பானையில் வைத்து நடப்பவர்களுக்கு விற்பார். வழக்கமாக எட்டு மணிக்கே கூட்டம் கலைந்துவிடும். அன்று காலை ஆடிய ஆட்டத்தைப் பற்றி ஆளாளுக்குப் பேசிக்கொண்டு ஒன்பது வரை நின்றுவிட்டார்களாம். உங்கள் வீட்டில் என்ன விழுந்தது, எங்கள் வீட்டில் என்ன விழுந்தது என்று. அதாவது பூமி ஆடாமல் இருந்திருந்தால் அப்பா எட்டரைக்கே வீட்டில் இருந்திருப்பார். இது எனக்கு இத்தனை வருடம் தெரியாது.

டம்ளர் கையில் இருக்கும்போதே மணல் பக்கமிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். ஜூஸ்காரர்தான் பானையைப் போட்டுவிட்டு அப்பாவின் கையைப் பிடித்துக் காமராஜர் சாலையைத் தாண்டவைத்தார். உட்சாலையில் நின்றிருந்த கார்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு மிதந்தன என்றார். எதிர்ப்பக்கம் வந்து திரும்பினால் ஜூஸ்காரரைக் காணோம். டம்ளர் மட்டும் இவர் கையில்.

மறுநாள் கணக்கு எழுத உட்கார்ந்தபோது அந்த ஐந்து ரூபாய்தான் நினைவுக்கு வந்ததாம். கடற்கரைக்கு விட ஆரம்பித்ததிலிருந்து தினமும் சட்டைப்பையில் ஐந்து ரூபாய் நாணயத்தோடு போயிருக்கிறார். நடப்பதற்கு என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். பொங்கல் முடிந்து ஒரு வாரம் கழித்து ஜூஸ்காரர் புதுப் பானையோடு வந்து நின்றாராம். அப்பா போய் நாணயத்தை நீட்டினார்.

"இன்னிக்கு இன்னும் குடிக்கவே இல்லையே சார், இது எதுக்கு?" என்று கேட்டாராம் அவர்.